காதைத் தொடாத தம்பி

தம்பி காதைத் தொட்டால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். அந்த நம்பிக்கையில்தான் மேஜை முன்னால் போய் நின்றாள்.

மேஜைமேல் இரண்டு இன்ஜின்கள். இரண்டும் ஒரே அச்சு, இரண்டிலும் கம்பி சுற்றி முத்திரை. ஒரு பக்கம் பந்தய அதிகாரி. எதிர்ப்பக்கம் பைக் கம்பெனி மேனேஜர். அவரை ஒட்டி, பேன்ட் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இரண்டு இன்ஜினையும் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியவனே அவன்தான்.

பந்தயத்தில் கம்பெனிக்கென்று சொந்த டீம் உண்டு. அதே கம்பெனி வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற சின்ன டீமுக்கு சாட்டிலைட் டீம் என்று பெயர். பெயர்தான் வானத்தில் இருக்கிறது, கிடைப்பதென்னவோ போன வருஷத்து இன்ஜின். அந்தச் சின்ன டீமுக்கு இவள் தலைமை மெக்கானிக்.

"வீட்ல என் பழைய சட்டையை அவன் போட்டான். தொழில்ல அவன் கழிச்சுப் போட்ட இன்ஜினை நான் மாட்டறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இந்த வருஷம் சட்டம் மாறிவிட்டது. சொந்த டீமுக்கு என்ன இன்ஜினோ, அதேதான் சாட்டிலைட் டீமுக்கும். முத்திரையை யாரும் உடைக்கக் கூடாது. அதிகாரி முன்னால் சின்ன டீம்தான் முதலில் எடுக்கும். மீந்தது கம்பெனிக்கு.

டீம் முதலாளிக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. "பூட்டறவன் அவங்க ஆளு. ஒண்ணு குதிரையா இருக்கும், ஒண்ணு கழுதையா இருக்கும். உன் தம்பி ஒரு சாடை காட்டினா பிழைச்சோம். இந்த வருஷமும் தோத்தா ஷட்டரை இறக்கிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

போய்க் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அவன் கேட்காமலே காட்டுவான் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். சின்ன வயசில் அப்பா முதுகுக்குப் பின்னால் கோலியை ஒளித்து, எந்தக் கை என்பார். பின்னால் நிற்கிற தம்பிக்குத் தெரியும். அக்கா சரியான கைக்கு நேராக விரலை நீட்டியதும் காதைத் தொடுவான். அப்பா கடைசிவரைக்கும் கண்டுபிடிக்கவில்லை.

வலப்பக்க இன்ஜின்மேல் கையை வைத்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். இடப்பக்கத்தில் வைத்தாள். அப்போதும் தரைதான். அங்கே அப்படி என்ன புதையலைக் கண்டானோ.

"எடும்மா, நேரமாகுது" என்றார் அதிகாரி.

வந்தது வரட்டும் என்று இடப்பக்கத்தையே எடுத்தாள்.

வெளியே வந்ததும் முதலாளி பிடித்துக்கொண்டார். கூடப்பிறந்தவனா அவன், கம்பெனிச் சம்பளம் கண்ணை மறைத்துவிட்டது, நாலு காசு பார்த்ததும் அக்கா யாரோ ஆகிவிட்டாள் என்று ஒரே பாட்டு. அவளும் மறுத்துப் பேசவில்லை. சாயங்காலம் தம்பி போன் செய்தான். எடுக்கவில்லை.

கழுதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேலையில் இறங்கினாள். இன்ஜினைத் தொட முடியாது, சரி. மற்றதையெல்லாம் தொடலாமே. செயின் சக்கரத்தை மாற்றினாள். ஷாக் அப்சார்பரை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். வண்டி ஓட்டுகிற பையனுக்கு டீமில் குருவி என்று பெயர்; அவன் விரல் நீளத்துக்குப் பிரேக்கை அமைத்தாள். ஓட்டிப் பார், திரும்பி வா, மறுபடி ஓட்டு என்று அவனையும் உட்காரவிடவில்லை.

"அக்கா, எனக்கும் முத்திரை வெச்சுட்டீங்களா? காலையிலேருந்து ஒரு டீகூட உள்ள போகலை" என்றான் குருவி.

பந்தயத்தின் கடைசிச் சுற்று. நேர்ப்பாதையில் கம்பெனி வண்டியும் குருவி வண்டியும் ஒட்டிப் பிறந்தது மாதிரி வந்தன. ஒரு சாண் முன்னே இல்லை, ஒரு சாண் பின்னே இல்லை. கடைசி வளைவில் கம்பெனிக்காரன் பிரேக்கைப் பிடித்தான். குருவி பிடிக்கவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அவன் பிடித்தான். வண்டி கொஞ்சமும் ஆடாமல் உள்பக்கமாக நுழைந்து, முதலாவதாக வெளியே வந்தது.

வாடகை வண்டி சொந்தக்காரனை ஜெயித்தது அன்றைக்குத்தான். முதலாளி தேம்பித் தேம்பி அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, "குதிரையையே எடுத்துட்டியேம்மா. உன் கைராசியே கைராசி" என்றார்.

ராசியாம். அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். கொப்புளம்தான் தெரிந்தது.

கூட்டம் கலைந்து, அவள் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தோளில் ஒரு பையோடு தம்பி வந்து வாசலில் நின்றான்.

"வாடா. தரையைப் பார்த்து முடிச்சாச்சா?"

அவன் சிரித்தான். "வேலை போயிருச்சுக்கா. அன்னிக்கே போயிருச்சு. அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்."

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

ஒரு இன்ஜினைக் கொஞ்சம் மந்தமாகப் பூட்டச் சொன்னாராம் மேனேஜர். உன் அக்கா உன் மூஞ்சியைத்தான் பார்ப்பாள், மந்தமானதில் அவள் கை வைக்கும்போது ஒரு சாடை காட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வாள் என்றாராம்.

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ... நான் எடுத்தது?"

"குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல. ரெண்டையும் ஒரே மாதிரிதான் பூட்டினேன்."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. "ஏண்டா, ரெண்டும் ஒண்ணுன்னா எதைக் காட்டினா என்ன? சும்மாவாச்சும் காதைத் தொட்டிருந்தா அந்த ஆளும் நம்பியிருப்பான், உன் வேலையும் நிலைச்சிருக்குமே."

"நிலைச்சிருக்கும்க்கா" என்றான் தம்பி. "ஆனா ஜெயிச்சது உன் கையாலன்னு இல்லாம, என் காதாலன்னு ஆயிருக்குமே."