ஒரே ஒரு ராணி

தியேட்டர் வாசலில் மாட்டிய பழைய சினிமா விளம்பர அட்டைகளைத் தேடிச் சேர்த்துச் செப்பனிடுபவர் ஒருவர். குதிரைமேல் ராணி இருக்கும் அட்டை ஒன்று அவரிடம் வந்தது. கிழிசலை ஒட்டி, கறையைத் துடைத்து, சட்டம் போட்டு மாட்டினார்.

"உலகத்திலேயே இது ஒண்ணுதான் மிச்சம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ராணிக்குத் தலைகால் புரியவில்லை.

சட்டத்துக்குப் பின்னாலிருந்து, காகிதம் தின்னும் வெள்ளிப்பூச்சி ஒன்று சிரித்தது. "நீ கிடந்த பெட்டியில உன்னை மாதிரியே இருந்த மத்த அட்டையையெல்லாம் தின்னதே நான்தான் தாயி. உனக்கு இந்த மவுசு என்னாலதான்."

"அடப்பாவி! கூடப்பிறந்தவங்களையா தின்னே? என் முகத்திலேயே முழிக்காதே!" என்று சீறினாள் ராணி.

மறுவாரம் அவர் துள்ளிக்கொண்டு வந்தார். கையில் அதே ராணி, அதே குதிரை, கிழிசலே இல்லாத அட்டை. அதைப் பக்கத்திலேயே மாட்டினார். வந்தவர்கள் எல்லாரும் புதியவளையே பார்த்தார்கள்.

ராணி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மெல்லக் கூப்பிட்டாள்.

"பூச்சியண்ணே, சாப்பிட்டீங்களா?"