குறுக்கே நின்ற குடிசை

1961-இல் வாணியம்பாடியில் எனக்குத் தோல் மண்டி. பொழுதுபோக்குக்கு ஒரு காமிரா. காக்கி உடையும் தொப்பியுமாக, தம்பி ஃபரூக்கோடு ஜவ்வாது மலைக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன்.

காவலூர்ச் சரிவில் மூன்று கால் ஸ்டாண்டை ஊன்றினேன். பள்ளத்தாக்கு கொள்ளை அழகு. ஆனால் எங்களுக்கு நேர் முன்னால் ஒரு புல் குடிசை.

"இன்னாடா இது, குறுக்க!" என்று ஃபரூக்கிடம் எரிந்து விழுந்தேன்.

குடிசைக்காரன் சடையன் ஓடி வந்து கும்பிட்டான். "வூடு குறுக்க நிக்குதுங்களா சாமி?"

"ஆமாய்யா. இது மட்டும் இல்லன்னா எப்பிடி இருக்கும்!"

வெயில் ஏறிவிட்டது. "நாளைக்குக் காலையில வர்றோம்" என்று கிளம்பினோம்.

மறுநாள் குடிசையைக் காணோம். பிரித்த மூங்கில்கள் ஓரமாக அடுக்கியிருந்தன. புளியமரத்தடியில் சட்டி பானைகளுக்கு நடுவே, சடையன் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"யார்யா பிரிக்கச் சொன்னது?" என்று பதறினேன்.

"நீங்கதானுங்களே!" சடையன் என் ஸ்டாண்டைக் காட்டினான். "போன வருசம் காக்கி போட்ட பாரஸ்டு ஆபீசருங்க இதே மாதிரி மூணு கால் நட்டு அளந்தாங்க. மறுநாளு வந்து எங்க அண்ணன் வூட்டைக் கொளுத்திட்டாங்க. அதான் நாங்களே பிரிச்சிட்டோம். மூங்கிலாச்சும் மிஞ்சும் பாருங்க."

நாங்கள் ஆபீசர்கள் இல்லை, சும்மா படம் எடுக்க வந்தவர்கள் என்று ஃபரூக்தான் தலையைக் குனிந்தபடி சொன்னான்.

சடையன் ஒதுங்கி வழிவிட்டான்.

"அப்ப எடுத்துக்குங்க சாமி. இப்ப ஒண்ணும் மறைக்காது."

வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் வெளிச்சம் அத்தனை நன்றாக இருந்தது.

எடுத்தேன்.