பெட்டிக்குள் ஓடிய ஆம்புலன்ஸ்

இனி இந்த நாட்டில் ஒரு வண்டியும் வழி தவறாது.

ஜி.பி.எஸ். கருவி செய்யும் கம்பெனியின் முதலாளி மேடை போட்டு அறிவித்தது இது. அறிவித்த கம்பெனிக்கு வரவேண்டிய லாரிகள் மட்டும் இன்றைக்கும் பக்கத்து இரும்பாலை கேட்டில் போய் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தன. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சோதனைக்கூடத்து நர்மதா அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். அரசு அதிகாரி துளசிராமன் வருகிறார். ஆம்புலன்ஸ்களில் பொருத்தப்போகும் ஜி.பி.எஸ். கருவிக்குச் சான்று தரவேண்டுமானால், அதைப் பொருத்திய வண்டியில் அவர் உட்கார்ந்து ஆர்.கே.பேட்டைப் பக்கம் நூறு கிலோமீட்டர் போய்ப் பார்க்கவேண்டும். விதி அப்படி.

அவருக்கென்று மூன்று தாள் எடுத்து வைத்திருந்தாள். போன மாதம் அவளே வண்டியில் போனபோது, ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்த கருவி வெளியே வந்தும் ஏழு நிமிடம் கண் விழிக்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்க, திரையில் அது பாலத்தடியிலேயே நின்றது.

ஆம்புலன்ஸில் ஏழு நிமிடம்.

மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். நல்ல கையெழுத்து என்று பாராட்டு கிடைத்தது.

அதிகாரியிடம் நேரில் சொன்னால் சான்று கிடைக்காமல் தடுத்துவிடலாம். இனி அந்த ஒருவர்தான்.

பத்து மணிக்கு மேனேஜர் அன்புராஜ் வந்தார். கூட யாரும் இல்லை. கையில் ஒரு கவர். கவருக்குள் ஒரு செல்போன்.

"துளசிராமன் சாரோட போன். சாருக்குத் திருநின்றவூர்ல பொண்ணு ஊட்டு கிரகப்பிரவேசம். போற வழிய பதிவு பண்ற ஆப் ஆன்லதான் கீது. இத்தையும் கருவியோட பெட்டில போட்டு ஆர்.கே.பேட்டைக்கு இட்டுக்கினு போயிடு."

"சார், அந்த பாலம்..."

"பெட்டிக்குள்ள ஏதும்மா பாலம்? காலங்காத்தால பேஜார் பண்ணாத."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த இரும்புப் பெட்டியை மூடிவிட்டால் வானத்துச் செயற்கைக்கோள் எதுவும் உள்ளே எட்டாது. லேப்டாப்பில் கிளம்பி, கைக்கடக்கமான ஒரு ரேடியோ வழியாகப் போகும் பொய்ச் சிக்னல்தான் உள்ளே வானம். நீ காசியில் இருக்கிறாய் என்றால் கருவி நம்பும். போனும் நம்பும். அங்கே பாலம் இல்லை, மரம் இல்லை, மழை இல்லை. அங்கே எந்தக் கருவியும் தோற்றதில்லை.

அதிகாரி வண்டியில் இருந்தார் என்பதற்கு, அவர் போன் பதிவுசெய்யும் பாதைதான் சாட்சி.

அன்புராஜ் டீ குடிக்கப் போனார்.

கருவியையும் போனையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, நர்மதா லேப்டாப்பில் ஆர்.கே.பேட்டையை அழித்தாள். வண்டியைக் கிழக்கே திருப்பினாள். பழவேற்காட்டில் கரை முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. ஏரிக்குள் இறக்கினாள். படகு மட்டுமே போகும் தண்ணீரில், மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், நூறு நிறையும்வரை ஆம்புலன்ஸையும் அதிகாரியையும் சுற்றவிட்டாள்.

அறிக்கையோடு வரைபடமும் போகும். யாராவது ஒருவர் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். அவள் வேலை போய்விடும். போகட்டும், சான்றும் சேர்ந்துதானே போகும்.

திங்கட்கிழமை சான்று வந்தது. அன்புராஜ் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

நர்மதா வரைபடத்தைத் தேடினாள். இருந்தது. நீலத்தின் மேல் சிவப்புக் கோடு, மூன்று சுற்று. நடு ஏரியில் அலுவலக முத்திரையும் துளசிராமனின் கையெழுத்தும்.

கீழே, 'சாலையின் நிலை' என்ற கட்டத்தில் அவரே பேனாவால் எழுதியிருந்தார்: சில இடங்களில் மேடு பள்ளம்.