காலை ஊசி

"ஐயோ, கொல்றீங்களே!" என்று அலறினாள் மனைவி. ஊசி முனை இன்னும் அவள் வயிற்றைத் தொடக்கூட இல்லை.

"அசையாம இரும்மா. இன்சுலின் போட வேண்டாமா?"

"நானோ மாத்திரை, நானோ மாத்திரைன்னு பத்து வருஷமா சொல்றீங்க. உங்க மாத்திரை வர்றதுக்குள்ள நான் சல்லடை ஆயிடுவேன்."

அவளைச் சமாதானப்படுத்தி, ஒருவழியாக ஊசியைப் போட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார் விஞ்ஞானி. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும். நானோ துகள்களுக்குள் பொதிந்து குடல்வரை பத்திரமாகச் சேர்த்துவிட்டால், அவளுக்கு ஊசியே வேண்டாம். இதற்காக அவர் ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட்டுவைத்ததில்லை.

அன்றும் துகள்கள் அமிலத்தில் உடைந்துபோயின.

"சார், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார் உதவியாளர்.

"ஆரம்பிச்சு? திரும்ப உடையறதைப் பார்க்கவா?" கையுறையைக் கழற்றி வீசியவர், கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக மதியமே வீடு திரும்பினார்.

மதிய ஊசியை எதிர்வீட்டு நர்ஸ் போட்டுவிடுவதாகத்தான் மனைவி சொல்லியிருந்தாள். இப்போது சமையலறையில், தோளில் இடுக்கிய போனில் தங்கையோடு சிரித்துப் பேசிக்கொண்டே, தானே போட்டுக்கொண்டிருந்தாள். முகம் துளிகூடச் சுளிக்கவில்லை.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அப்போ தினமும் காலையில அந்தக் கத்தல்?"

அவள் போனை வைத்தாள்.

"கத்தினாத்தானே அஞ்சு நிமிஷமாவது என் பக்கத்துல உட்கார்றீங்க? உங்க மாத்திரை வந்துட்டா அதுவும் போயிடும்."