பெரிய கிளாக்கர் வாசித்த சங்கீதம்

“இதப் பிள்ளைக்குக் குடுக்கிறதுக்கு விஷத்தக் குடுக்கலாம்!” என்று சொல்லி, ஜீவன் அதைக் கடை மேசையில் ஒரு தள்ளுத் தள்ளினார். அது வழுக்கிப் போய் சுதர்சினியின் தேத்தண்ணிக் கோப்பையில் இடித்து நின்றது.

அது ஒரு பைபிள். சிறுவர்களுக்கென்று இலேசான தமிழில், பெரிய எழுத்தில் வந்திருக்கும் புதிய மொழிபெயர்ப்பு. கண்டி டவுனில் இருக்கும் அந்தக் கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வேலை பார்க்கும் சுதர்சினி, அதைத் துடைத்து டிலானியின் பக்கம் வைத்தாள்.

டிலானி ஜீவனின் மகள், பதினொரு வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று வேதம் வாசிக்கும் முறை அவளுக்கு. போன தடவை அப்பாவின் பழைய மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் தடுக்கி, பின்வரிசையில் சிரிப்பொலி கேட்டு, வீட்டுக்கு வந்து சோறுகூடத் தின்னாமல் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து இந்தப் புத்தகம் வேண்டுமென்று ஒரே அழுகை.

“அப்பா, இது வாசிச்சா எனக்கு வெளங்குது.”

“வெளங்கிறதுக்கு இது என்ன கதப் புத்தகமா?”

கேட்டீர்களா பதிலை! ஜீவன் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. தோட்டத்துச் சபைக்குச் செயலாளரும் அவரேதான். இரண்டு பதவியும் ஒரே உடம்பில் ஏறியதிலிருந்து அந்த உடம்பு யாருக்கும் குனிவதில்லை. கண்டிக்கு வந்த பஸ்ஸில்கூட கண்டக்டருக்கு ஒரு பிரசங்கம் வைத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தார்.

குற்றம் தேடும்போது மட்டும் குனிவார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மூக்கு தாளில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து புதிய மொழிபெயர்ப்பைக் கிளறினார்.

“இங்க பாரு தங்கச்சி, ரோட்டுல பேசுற மாதிரி எழுதி வச்சிருக்கானுங்க. பழைய தமிழுல ஒரு கம்பீரம் இருக்கு. நானெல்லாம் சின்ன வயசுல இருந்து எழுத்தெழுத்தாப் பாத்து வாசிச்சவன். எழுத்துல கண்ணு பதிஞ்சாத்தான் வசனம் நெஞ்சுல பதியும். இதெல்லாம் நுனிப்புல் மேயிற ஆளுங்களுக்கு.”

“பிள்ளைக்கு வெளங்கினாத்தானே சேர் ஆசையா வாசிக்கும்?” என்றாள் சுதர்சினி.

“நீ விக்கிற வேலயப் பாரும்மா.”

பாவம், அவள் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜீவனுக்கு அது இனித்தது. கூட்டம் கூடிவிட்டால் கண்ணாடி முகத்துக்கு எடுப்பாக இருக்காதல்லவா, கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். காலையில் வந்து இறங்கிய பைபிள்கள், இன்னும் தட்டுகளில் பிரித்து அடுக்காமல், ஒரே மாதிரிக் கறுப்பு அட்டையும் பொன் சிலுவையுமாக மேசையில் குவிந்திருந்தன. மேலே இருந்த ஒன்றைத் தானே எடுத்தார்.

“சேர், அது வந்து...”

“எனக்குச் சொல்லித் தராத. பழசு எதுன்னு தொட்டாலே எனக்குத் தெரியும்.”

சுதர்சினி தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“டிலானி, இங்க வா. இப்ப நான் வாசிக்கிறேன். நான் வாசிச்சதுல ஒரே ஒரு பிழை சொல்லு, நீ கேட்டதயே வாங்கித் தாரேன். சொல்ல முடியலன்னா இனிமே அந்தப் பேச்சே எடுக்கப்படாது. இங்க நிக்கிற எல்லாரும் சாட்சி.”

டிலானி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள் அந்தப் பிள்ளை?

ஜீவன் புத்தகத்தை நடுவில் விரித்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை, விரித்த இடத்திலேயே அவருக்கு வேண்டிய சங்கீதம் வந்து நின்றது. மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம். தோட்டத்தில் கல்யாணமானாலும், சாவானாலும், புது வீட்டில் பால் காய்ச்சினாலும், பெரிய கிளாக்கர் எழுந்து நின்றால் அதுதான்.

தொண்டையைக் கனைத்தார். விரலை வரிவரியாக ஓட்டினார். குரல் ஏறியது, இறங்கியது, புல்வெளி வந்த இடத்தில் குழைந்தது, இருட்டுப் பள்ளத்தாக்கு வந்த இடத்தில் நடுங்கியது. ஓர் இடத்திலும் நாக்குத் தடுக்கவில்லை. முடித்தபோது வாசலில் நின்ற ஒரு அம்மா “ஆமென்” என்றுகூடச் சொல்லிவிட்டார்.

சுதர்சினி மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதை ஜீவன் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

“பாத்தியா? எழுத்துல கண்ணு வச்சு வாசிச்சா நாக்கு ஏன் தடுமாறப் போகுது? நீயும் இப்பிடித்தான் வாசிக்கணும். எங்க, ஒரு பிழை சொல்லு பாப்பம்!”

விரித்தபடியே பைபிளை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

டிலானி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த சிறுவர் பைபிளை எடுத்துச் சுதர்சினியிடம் கொடுத்தாள்.

“அக்கா, எனக்கு இதயே பில் போடுங்க. அப்பா கையில இருக்கிறது சிங்களப் பைபிள்.”