டாக்டரம்மாவின் பெரிய வண்டி

"ஒத்த ஆளுக்கு இந்தச் சின்ன வண்டியே தாராளம்மா. அந்தப் பெரிய வண்டிக்கு ரெண்டரை மடங்கு காசு. வீணா எதுக்கு?"

அழகுமலை சின்ன ட்ரெய்லரின் தகரத்தைத் தட்டிக் காட்டினார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு வேண்டுமென்றால் திருமங்கலத்தில் அவர் பட்டறைக்குத்தான் வரவேண்டும். மலைத் தோட்டக்காரர்கள் வருவார்கள், சினிமாக்காரர்கள் வருவார்கள். ஒரு பெண் தனியாக வந்து விலை கேட்பது இதுதான் முதல் தடவை.

வந்தவள் பாண்டிமீனா, மாட்டு டாக்டர். முதல் வேலை. ஒண்ணாந்தேதி சேர வேண்டும், வேலை பார்க்கிற ஊரிலேயே தங்கவும் வேண்டும். மாடு ஆபீஸ் நேரம் பார்த்தா கன்று போடுகிறது? உள்ளே வருமுன் அவள் பட்டறையின் போர்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பெயரும் போன் நம்பரும் பொங்கலுக்குப் புதிதாக எழுதிய போர்டு. அழகுமலைக்கு அதில் கொஞ்சம் பெருமை.

"சொந்த ஊரு எதும்மா?"

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். பேச்சு அங்கிருந்துதான் அவருக்குத் தொடங்கும்.

"வில்லாபுரத்துல இருக்கேன்ணே."

"அது இப்ப இருக்கறது. பூர்வீகம்?"

பாண்டிமீனா குனிந்து பெரிய வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள். "இந்த அச்சு எம்புட்டு கனம் தாங்கும்?"

அச்சைப் பற்றிக் கேட்டால் அழகுமலைக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். "லாரி அச்சும்மா அது! கண்மாய்க்குள்ள எறக்கி அந்தப் பக்கம் ஏத்துனாலும் உள்ள வச்ச டம்ளர் சாயாது. சின்ன வண்டி அப்படியில்ல. தார் ரோட்டை விட்டு எறங்குனா ஆட்டம் கண்டுரும்."

"அப்ப பெருசுதான் சரி. நாளைக்கு என்னை வேற ஊருக்கு மாத்துனாலும் இதத்தான் இழுத்துட்டுப் போவேன். அங்க ரோடு எப்படி இருக்குமோ."

"அங்கயும் வாடகைக்கு வீடு கெடைக்கும்லம்மா!"

அவள் வண்டியின் பின்பக்கம் போய்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். "தண்ணித் தொட்டி எம்புட்டு கொள்ளும்?"

"சின்னதுல ரெண்டு கொடம். பெருசுல ஒரு வாரம் குளிக்கலாம், சமைக்கலாம். ஏன், அந்த ஊர்ல தெருக்குழா இல்லையா?"

"இருக்குண்ணே."

குழாய் இருக்கிற ஊரில் எதற்கு இவ்வளவு பெரிய தொட்டி? அவருக்குப் புரியவில்லை. அவள் விடவுமில்லை. கக்கூஸ் உள்ளேயே இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள். வண்டியின் வாசல் கதவை உள்பக்கம் தாழிட்டு, வெளியிலிருந்து பலமாகத் தள்ளச் சொன்னாள். அழகுமலை தோளைக் கொடுத்துத் தள்ளினார், கதவு அசையவில்லை. வெளியே வந்தபோது அவள் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

அழகுமலைக்கு மனசு கேட்கவில்லை. மலைத் தோட்டக்காரர் ஒருவர் செய்யச் சொல்லிவிட்டு வாங்காமல் போன வண்டி அது. இதை விற்றால் பட்டறைக்குக் கூரையே மாற்றிவிடலாம். ஆனாலும் இப்போதுதான் வேலை கிடைத்த பிள்ளை, கடன் வாங்கித்தான் கொடுக்கப்போகிறது.

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. பெரிய வண்டி நல்ல வண்டிதான். ஊர் ஊராச் சுத்துறவுகளுக்கு அந்தக் காசு தகும். ஒரே எடத்துல நிறுத்திக் குடியிருக்கிறதுக்கு அம்புட்டு காசா? அதுல பத்து வருசம் வாடகை குடுக்கலாமே!"

"வீடு அமையலண்ணே. பாத்த வீடெல்லாம் தட்டிப் போச்சு."

"பேசத் தெரியாம பேசியிருப்பீக. எந்த ஊரு அது? நான் வந்து பேசுறேன்."

பாண்டிமீனா ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். "கருவக்குளம்."

"அடடா, நம்ம ஊருல்ல!" அழகுமலை துள்ளிவிட்டார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? மந்தைக்குப் பக்கத்துல நம்ம வீடு ஒண்ணு ரெண்டு மாசமா பூட்டிக் கெடக்கு. ஆளே அமையல. கெணறு இருக்கு, தனிக் கக்கூஸ் இருக்கு, உங்க மாட்டாஸ்பத்திரி கூப்பிடுற தூரம். ஊருக்கு வாராத டாக்டரு வந்திருக்கீக, வாடகைய நீங்க பாத்துக் குடுங்க. வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

கைக்கு வந்த வியாபாரத்தை ஒரு பெண்பிள்ளைக்காக விட்டுக் கொடுக்கிறோமே என்று அவருக்கே தன்னை நினைத்து நெஞ்சு நிறைந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து வீட்டுச் சாவியைத் தேடினார்.

அவர் சாவியோடு நிமிர்ந்தபோது மேசை மேல் முன்பணம் இருந்தது.

"அந்த வீட்டை எனக்குத் தெரியும்ணே," என்றாள் பாண்டிமீனா. குரலில் கோபம் இல்லை. "வாசல்ல 'வாடகைக்கு விடப்படும்'னு தொங்குற அட்டையில இந்தப் பட்டறை நம்பர்தான் இருக்கு. போன மாசம் போன் பண்ணேன், நீங்கதான் எடுத்தீக. என்ன வேலை பாக்குறேன்னு கேக்கல. சொந்த ஊரு எது, ஊருல எந்தத் தெருன்னு கேட்டீக. காலனின்னு சொன்னேன். வீட்டுக்கு ஆளு வந்தாச்சுன்னு வச்சுட்டீக. பெரிய வண்டியே இருக்கட்டும்ணே."