நாற்பத்தேழாம் பக்கம்

"மூணு மாசத்துல சட்டம் கேட்டு வந்தது ஏழே ஏழு கேள்விம்மா! இந்த மாசக் கடைசிக்குள்ள நூறாவது வரணும். அரைகுறையா பதில் சொன்னா கணக்குல சேராது. இல்லேன்னா அயல்நாட்டுச் சட்டப் பிரிவை மூடிட வேண்டியதுதான்."

இயக்குநர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நூலகர் தன் அலமாரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம்! வரைபடத்திலேயே இல்லாமல் போய்விட்ட நாடுகளின் சட்டங்கள்மேல் காலை வெயில் சோம்பலாகப் படுத்திருந்தது. அங்கே உட்கார்ந்தாலே பாதித் தூக்கத்தில் கடல் தாண்டிப் போவதுபோல அவளுக்கு இருக்கும்.

மனசு தாங்காமல் மின்னஞ்சல் குழுவில் எல்லாவற்றையும் கொட்டிப் புலம்பினாள். பல நாடுகளில், இதே வேலையில் இருக்கும் அறுபது பேர் கொண்ட குழு. யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. ஆனால் புத்தகத்தில் ஒரு பக்கம் இல்லையென்று ஒருவர் வாய் திறந்தால் போதும், இன்னொருவர் யோசிக்காமல் அனுப்பிவிடுவார். அப்படியே கை பழகிப்போன கூட்டம்.

அன்று ஒருத்தர்கூட ஆறுதலாக ஒரு வரி எழுதவில்லை.

"சரிதான், அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் குழுவிலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஏதோ ஒரு தீவின் பழைய தத்தெடுப்புச் சட்டம் வேண்டுமாம். அடுத்து ஒரு மலைநாட்டின் தேனீ வளர்ப்புச் சட்டம். அப்புறம் பத்து, இருபது, ஐம்பது.

"ஆறுதல் சொல்ல ஆளில்லை, வேலை வாங்க மட்டும் வரிசையா வர்றாங்க பாருங்க!" என்று ஜெராக்ஸ் அம்மாவிடம் பொருமினாள்.

"வரட்டுமே மேடம்! எண்ணிக்கை ஏறுதில்ல? பேசாம தேடுங்க."

தேடினாள். "சட்டம் எந்தத் தேதி நிலவரப்படி வேணும்?" என்று கேட்டுக் கேட்டு, நாற்காலியை விட்டு எழாமலே நாடு நாடாக மிதந்தாள். நாள் போனதே தெரியவில்லை.

மாதத்தின் கடைசி நாள். நூறாவது கேள்வி, துறைமுக நூலகத்திலிருந்து. அங்கிருப்பவருக்குக் குழுவில் கப்பல்காரர் என்று பெயர். பழைய கலங்கரை விளக்கச் சட்டம் முழுசாக வேண்டும் என்று கேட்டிருந்தார். புத்தகத்தைப் பிரித்தால், நாற்பத்தேழாம் பக்கத்தைப் பூச்சி தின்று தீர்த்திருந்தது. ஒரே ஒரு பக்கத்தால் எல்லாம் போச்சே!

"நாற்பத்தேழாம் பக்கம் இல்லை. மன்னிச்சிடுங்க" என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டே நிமிஷம். "இந்தாங்க அக்கா, 47" என்று கப்பல்காரரிடமிருந்து பதில் வந்தது. பளிச்சென்ற பக்கம். அதன் கீழே துறைமுக நூலகத்தின் வட்ட முத்திரை, நாற்பது வருஷத்துக்கு முந்தைய தேதியோடு.

அவள் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலேயே இன்னொரு அஞ்சல் வந்தது.

"ஐயையோ அக்கா, பழக்கதோஷத்துல அனுப்பிட்டேன்! நான் உளறினது தெரிஞ்சா மத்தவங்க என்னைக் கொன்னே போட்டுடுவாங்க. அவங்கவங்க கேட்ட புத்தகமும் அவங்கவங்க அலமாரியிலதான் இருக்கு!"